படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பேர்

கல்லூரி இன்டர்மீடியட் வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். மணி அடித்ததும் ஆண் பிள்ளைகள் வகுப்புக்குப் போவார்கள். நாங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் காத்திருப்போம். வாத்தியார் வாசலில் வந்து தொண்டையைச் செருமுவார். அவர் பின்னாலேயே போய் முன் பெஞ்சில் உட்கார வேண்டும், பாடம் முடிந்ததும் அவர் பின்னாலேயே திரும்பிவிட வேண்டும். நாங்கள் நுழையும்போது பின் பெஞ்சுக்காரர்கள் தரையில் காலைத் தட்டுவார்கள். இரண்டாம் வருஷம் வந்தும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை. தினமும் பயந்தபடியே நுழைவேன்.

அதைவிடப் பெரிய பயம் அப்பா. கீரனூரிலிருந்து என்னைப் புதுக்கோட்டையில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்றே சொல்லிவிட்டார்: "ஒன்னயப் பத்தி ஒரு பேச்சு எங்காதுல விழக்கூடாது. விழுந்துச்சு, அன்னிக்கே பொட்டியக் கட்டிற வேண்டியதுதான்."

அந்த வருஷம் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். ஆணும் பெண்ணும் சமமா என்பது தலைப்பு. பேசுகிறவர்கள் நாலு பேரும் ஆண்கள்! பெண்கள் மேடை ஏறும் வழக்கம் இல்லை. தமிழ் வாத்தியாருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதிக் குடும்மா. ஒம்பேரு வராது. மேடையில பேசுற பையன் படிச்சிருவான்" என்றார். பேர் வராது என்றதும் எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. படிக்கட்டு அறை, கால் தட்டும் சத்தம் என்று ஒன்றையும் விடாமல் நாலு பக்கம் எழுதினேன். வகுப்பில் இருந்த இன்னொரு பெண், என் தோழி, அவளுக்கு மட்டும் படித்துக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதியதை எழுதியபடியே அந்தப் பையன் படித்தான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "வகுப்புக்குள் நுழைய எங்களுக்கு ஒரு முதுகு வேண்டியிருக்கிறது. அது வரும்வரை படிக்கட்டுக்குக் கீழே காத்திருக்கிறோம்" என்று அவன் மீசையோடு சொன்னதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எதிர்த்துப் பேச வந்தவன் எழுந்தான். "இது இவன் எழுதுனதில்ல. எழுதுனவங்களுக்கு நாமளும் சமம்னு நெனப்பு இருந்தா, எந்திரிச்சு நிக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் அப்பாவைக் கண்டேன். சனி ஞாயிறுக்கு என்னை ஊருக்கு அழைத்துப்போக வந்தவர், குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்தேன். தோழி என்னைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். அவளுடைய அண்ணனும் அங்கேதான், மூன்றாம் வரிசையில் இருந்தான்.

அவள் எழுந்தாள். "நாந்தான் எழுதுனேன்" என்றாள்.

கால் தட்டும் சத்தம் கூரையைத் தூக்கியது. மேடையில் இருந்த தமிழ் வாத்தியாருக்கு உண்மை தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அப்பா சொன்னார்: "அந்தப் புள்ளயப் பாத்தியா? அம்புட்டு ஆம்பளைக முன்னால எந்திரிச்சு நிக்கிது. நீ தலையக் குனிஞ்சு இருந்த பாரு, அதான் ஒன்னய நம்பி அனுப்புறேன். எம்புட்டு வேணுமோ படி."

வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

திங்கட்கிழமை படிக்கட்டு அறையில் நான் மட்டும் இருந்தேன். அவள் படிப்பு நின்றுவிட்டதாக அவளுடைய அண்ணன் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். முதல் மணி தமிழ். வாத்தியார் வந்து தொண்டையைச் செருமினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பின்னால் போனேன்.

அன்றைக்கு யாரும் காலைத் தட்டவில்லை. தட்டிப் பயமுறுத்த வேண்டிய ஆள் இனி அந்த வகுப்பில் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.