மஞ்சள் கிரேன் என்றோர் ஊர்

ஷார்ஜாவில் முவைலாவைத் தாண்டி எழுந்த புதுக் கட்டடத்துக்கு முதலில் குடிவந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். சுற்றிலும் மணல். தெருவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கைபேசி வரைபடம் எங்கள் வீட்டைச் சாலையே இல்லாத வெட்டவெளியில் காட்டியது. சிலிண்டர் கொண்டுவருபவர் பாதி வழியில் திரும்பிப் போனார்.

நான் போனில் வழி சொல்லித் திணறுவதை எதிர் வீட்டு லாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர்; அக்காவை அங்கே லாத்தா என்பார்கள்.

"எதுக்குத் தங்கச்சி இவ்வளவு வெளக்கம்? அந்தா நிக்கிதே மஞ்சக் கிரேன், அதைச் சொல்லு. கண்ணு இருக்கிறவன் வந்துருவான்."

எதிர் மனையில் நின்ற அந்தக் கிரேன் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அன்றே ஊருக்குப் பெயர் விழுந்தது. கட்டடத்து வாட்ஸப் குழுவுக்கும் அதே பெயர். பள்ளிப் பேருந்தின் பட்டியலிலும் எங்கள் நிறுத்தம் 'எல்லோ கிரேன்' ஆனது.

"ஊரையே உண்டாக்கிட்டீங்க. பஞ்சாயத்து எலெக்‌ஷன் எப்போ?" என்று கணவர் சிரித்தார்.

எனக்கு மட்டும் உறுத்தல். கே.ஜி. படிக்கும் மகளுக்குக் கட்டட எண்ணைச் சொல்லிக்கொடுத்தேன். இலக்கங்களை மாற்றிச் சொன்னாள். கிரேனை மட்டும் எங்கே போனாலும் தேடிக் கண்டுபிடித்து, "நம்ம வீடு" என்பாள். வேலை முடிந்தால் கழற்றிக்கொண்டு போகிற ஒன்றைக் காட்டிக் குழந்தைக்கு வீட்டை அடையாளம் சொல்லலாமா என்று யோசிப்பேன். பிறகு, இதற்கெல்லாமா கவலை என்று என்னையே கடிந்துகொள்வேன்.

ஒரு நாள் காலையில் கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிப் போனார்கள். பேருந்தில் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. டிரைவருக்கும் ஆயாவுக்கும்தான் எங்களைத் தெரியுமே என்று விட்டுவிட்டேன். அன்று மதிய வண்டியில் இருவருமே புதியவர்கள் என்பது எனக்குத் தெரியாது.

மதியம் கீழே போய் நின்றேன். பேருந்து வரும் நேரம் தாண்டிப் போயிற்று. பேருந்தின் போனுக்குக் கூப்பிட்டதும் புது ஆயா எடுத்துப் பேசினார், மலையாளம் கலந்த தமிழில்.

"நிங்ஙள் எவிடயா மேடம்? ஞங்கள் எல்லோ கிரேன் அடியிலதான் நிக்குறோம். ஆளைக் காணலியே."

நிமிர்ந்து பார்த்தேன். மணலுக்கு அப்பால், வெகு தூரத்தில், வேறொரு மஞ்சள் கிரேன்.

"இறக்கிவிட்டுடாதீங்க."

"அம்மா வராம எறக்க மாட்டேன். பட்சே வேற பிள்ளைங்களும் உண்டு. இவளைத் திரும்ப ஸ்கூலுக்குக் கொண்டுபோகட்டே?"

போனில் மகள் அழுவது கேட்டது. கணவர் டியூட்டியில், மாலைக்கு முன் யாராலும் பள்ளிக்குப் போய் அழைத்துவர முடியாது. லொகேஷன் அனுப்பினேன். அது மணலுக்குள் போகச் சொல்கிறது என்றாராம் டிரைவர். அடையாளம் சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தால் எல்லாக் கட்டடமும் ஒரே சந்தன நிறம். கடை இல்லை, பள்ளிவாசல் இன்னும் எழும்பவில்லை.

லாத்தா இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். "மேல போயி எதையாச்சும் தொங்கவிடு புள்ள."

"பால்கனியில துணி போடக் கூடாதுன்னு லிஃப்ட்ல ஒட்டியிருக்கே லாத்தா. ஃபைன் போடுவாங்க."

"போடட்டும். புள்ளயவிட ஃபைன் பெருசா?"

ஓடினேன். மகள் போர்த்திக்கொள்ளும் சிவப்புப் போர்வையை ஆறாவது மாடிக் கம்பியில் கட்டி விரித்தேன். "அவளை ஜன்னல்கிட்ட உட்காரவைங்க. அவ போர்வையைத் தேடச் சொல்லுங்க" என்று ஆயாவிடம் கெஞ்சினேன். பேருந்து நகரும் சத்தம். திரும்பும் சத்தம். பிறகு போனில் மகளின் குரல்: என் போர்வை ஏன் வெளியே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கோபமாகக் கேட்டாள்.

அவளை இறக்கி வாங்கியபோது வாட்ச்மேன் பக்கத்தில் நின்றார். "மேடம், கப்டா மாஃபி" என்று மாடியைக் காட்டினார். துணி கூடாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் ஷூவைக் கழற்றும் முன்பே போர்வையை அவிழ்த்துவிட்டேன்.

பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கட்டட எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஆனால் மறுநாளே ஆயா, "ரெட் பிளாங்கெட், எறங்கு மோளே" என்றார். மற்ற குழந்தைகளும் அதையே பாடத் தொடங்கிவிட்டார்கள்.

"ஒரு ஊரு போச்சு, இன்னொரு ஊரு வந்துருச்சு" என்றார் லாத்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் பேருந்து வரும் நேரத்தை ஒட்டி அந்தப் போர்வையைத் துவைப்பதில்லை. மடித்து, பால்கனிக் கதவருகே நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.