கோல்கீப்பரின் வீட்டுக்காரன்

என் மனைவி ஹேண்ட்பால் ஆடி நான் முதன்முதலில் பார்த்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் முடிந்திருந்தது. அவள் அப்போது ஜெர்மனியில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். நான் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஆடுவாள் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. பெண் பார்க்க முசரவாக்கம் போயிருந்தபோதே அவள் அப்பா சொன்னார்: "பாப்பா காலேஜ் டீம்ல ஹேண்ட்பால் ஆடுதுங்க. கோல்கீப்பரு." என் மாமா அதைக் கைப்பந்து என்று எடுத்துக்கொண்டு, வாலிபாலில் ஏது கோல்கீப்பர் என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் வேறு ஆட்டம் என்று எனக்கும் அப்போது தெரியாது. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் இங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மெஷின் பார்த்துக்கொள்பவன். காலையில் அவள் ஒரு பஸ், நான் ஒரு பஸ். பிறகு ஜெர்மன் மொழி படித்தாள், பரீட்சை எழுதினாள், விசா வந்தது, போனாள். இரண்டு வருடம் என்று பேச்சு.

அங்கே போய் ஆறாவது மாதம் போனில் ஒரு செய்தி சொன்னாள். அவளோடு வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்த ஊர் கிளப்பில் ஹேண்ட்பால் ஆடுகிறாளாம். அவர்களுடைய கோல்கீப்பர் பிள்ளைத்தாய்ச்சி ஆகிவிட்டதால் ஆள் தேடுகிறார்களாம். "நானும் கோல்கீப்பர்தான்னு வாய் தவறி சொல்லிட்டேன்" என்றாள். "சும்மா பிராக்டிஸுக்குதான்."

மூன்றே வாரத்தில் மேட்ச் ஆடினாள்.

அந்தக் கிளப்பில் ஆண்களுக்கு அணிகள் உண்டு, பெண்களுக்கும் உண்டு. விளையாட்டரங்கம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் ஆடுவார்கள், ஐந்து மணிக்கு ஆண்கள். பெண்கள் ஆடும்போது ஆண்கள் அணியில் இரண்டு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து கடிகாரத்தையும் ஸ்கோரையும் பார்த்துக்கொள்வார்கள். ஆண்கள் ஆடும்போது பெண்கள் காபியும் கேக்கும் விற்பார்கள். முறை வைத்து ஆளுக்கொரு கேக் வீட்டில் செய்து கொண்டுபோக வேண்டும். இவளும் கற்றுக்கொண்டாள். வீடியோ காலில் அவள் முட்டை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என் அம்மா, "யாருக்கு பொறந்த நாளு?" என்று கேட்டார். மேட்சுக்கு என்றாள்.

ஒரே ஒரு கேமராவை வைத்து ஆட்டத்தை நேரலையாக இணையத்தில் விடுவார்கள். அவர்களுக்கு மூன்று மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு ஏழரை. லிங்க்கை அனுப்பிவிட்டு, "முடிஞ்சா பாருங்க" என்றாள். அம்மா முதலில் வரமாட்டேன் என்றார். பெண்கள் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதைக் குடும்பத்தோடு பார்க்கவேண்டுமா என்பது அவர் கட்சி. கோல்கீப்பர் மட்டும் முழுக்கை சட்டையும் நீளப் பேண்ட்டும் போடுவது வழக்கம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், "இவ மட்டும் ஒழுங்கா போட்டுக்கினு இருக்கா" என்று சொல்லி வந்து உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு பாய் மெத்தைக்கடை வைத்திருப்பவர். எந்த விளையாட்டாக இருந்தாலும் விடமாட்டார். சத்தம் கேட்டு ஒருநாள் வந்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். விதிகளை எங்கேயோ படித்துவிட்டு வந்து அம்மாவுக்கு விளக்குவார். "பந்த கையில வெச்சுக்கினு மூணு அடிக்கு மேல நடக்கக்கூடாதுமா. அதான் விசிலு." வர்ணனை செய்பவர் வயதானவர், அவருடைய பையன் ஆண்கள் அணியில் இருக்கிறான் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் பேசுவதில் எங்களுக்குப் புரிவது அவள் பெயர் மட்டும்தான். அதையும் மூன்று விதமாகச் சொல்வார்.

அடிபட்ட அன்றைக்கும் நாங்கள் மூவரும்தான் இருந்தோம். இரண்டாம் பாதி. எதிரணிப் பெண் ஒருத்தி மிக நெருங்கி வந்து தாவி எறிந்தாள். இவள் கையையும் காலையும் விரித்துக் குதித்தாள். இறங்கும்போது வலது கால் மட்டும் வேறு பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். விழுந்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்; எழவில்லை. ஆட்டம் நின்றது. சுற்றிலும் பெண்கள் குனிந்து நின்றார்கள். மேஜையிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். தாடி வைத்த, ஆறடிக்குமேல் உயரமான ஆள். ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். இரண்டு கைகளிலும் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு கேமராவைக் கடந்து போனார். அவள் கை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது.



"அத்தினி பொம்பளைங்க நிக்கிறாங்க" என்றார் அம்மா.

"அடிபட்டவங்கள யாரு தூக்கனா இன்னாமா" என்றார் பாய். டி.வி.யைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது அவள் காலைப் பற்றிய கவலை அல்ல. பாய் இதைப் பார்த்துவிட்டாரே என்பதுதான். எழுதுவதற்கு நன்றாக இல்லை. ஆனால் அதுதான் முதலில் வந்தது.

அவளுக்கு போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. நேரலைக்குக் கீழே கருத்து எழுதும் இடம் இருந்தது. கோல்கீப்பரின் கணவன் நான், இந்தியாவிலிருந்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பேசிக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம் வர்ணனையே இல்லை. பிறகு மூச்சு வாங்க வந்து, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார்: இந்தியாவில் இருக்கும் கணவருக்கு. அவள் பேசுகிறாள். முழங்கால்தான். கோபமாக இருக்கிறாள், பந்து உள்ளே போய்விட்டதாம்.

பாய் சிரித்துவிட்டார். அம்மா என்னவென்று கேட்டார், சொன்னேன். அவரும் சிரித்தார்.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். கிளப் பெண்கள் முறை போட்டுக் காய்கறி வாங்கித் தந்தார்கள், துணி துவைத்தார்கள். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் காரில் அழைத்துப்போனது அந்தத் தாடிக்காரர். ஆண்கள் அணியின் கோல்கீப்பர் அவர். இதையெல்லாம் அவளே ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்தாளுக்கு கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். நான் அதே கேள்வியை அன்றே போனில் கேட்டேன்.

"அத்தை கேட்டாங்களா, நீங்க கேக்கறீங்களா?"

"அம்மாதான்."

"ஆயிடுச்சி. மூணு பசங்க. ஆகலன்னாலும் அவர்தான் கூட்டிக்கினு போயிருப்பாரு. அதையும் அத்தைகிட்ட சொல்லுங்க." பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஏன் ஆடறத வுட்டேன்னு ஒரு தபா கேட்டிருப்பீங்களா? இத கேக்கறீங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஏன் விட்டாய் என்று அப்போது கேட்டேன். கல்யாணமான முதல் மாதம், சாயங்காலம் மைதானத்துக்குப் பிராக்டிஸ் போகட்டுமா என்று அவள் கேட்டாளாம். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்றேனாம். அவள் அம்மாவைக் கேட்கவில்லை. பிறகு என்னையும் கேட்கவில்லை. நான் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொல்லியிருப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "என்னை கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அது உண்மையா என்று அவருக்கே தெரியாது.

நான்கு மாதம் கழித்து விடுமுறையில் வந்தாள். நொண்டவில்லை. ஆனால் மாடிப்படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். ஒரு சாயங்காலம் மைதானத்துக்குப் போகலாம் என்றாள். இங்கேயும் பெண்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவளோடு படித்த ஒருத்தி இப்போது பயிற்சி கொடுக்கிறாள். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நின்ற இடத்திலிருந்து எறியலாம். அவர்கள் ஓய்வெடுத்த நேரத்தில் என்னை கோலில் நிற்கச் சொன்னாள்.

ஏழு மீட்டரிலிருந்து எறிந்தாள். முதல் பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவது தொடையில் பட்டது. தீப்பட்டது மாதிரி எரிந்தது.

"கண்ண மூடறீங்க" என்றாள்.

"இல்லியே."

"மூடறீங்க. எல்லாரும் மொதல்ல மூடுவாங்க. மூடாதீங்க."

பத்துப் பந்து எறிந்திருப்பாள். ஒன்றுகூட நான் தடுக்கவில்லை. இரண்டு என்மேல் பட்டுத் தானாகத் திரும்பின. அந்தப் பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் திரும்பிப் போய் இப்போது எட்டு மாதமாகிறது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறாள். என்னை வரச் சொல்கிறாள். ஆலை வேலையை விட்டுவிட்டு அங்கே என்ன செய்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. போன மாதத்திலிருந்து மறுபடி ஆடுகிறாள். முதல் அணியில் வேறு கோல்கீப்பர் வந்துவிட்டதால் இவள் இரண்டாம் அணியில். அந்த அணிக்கு நேரலை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் போன் செய்வாள். யார் எந்தப் பக்கமிருந்து எறிந்தார்கள், எதைத் தடுத்தாள், எது கையில் பட்டும் உள்ளே போனது என்று கேட்பேன். அவள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்து போவாள். சில நாள் அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகும் பேச்சு முடியாது.