எல்லோரும் இரண்டாவதையே அமுக்கினார்கள்

போன வாரம் புதன்கிழமை எங்கள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். போனேன். உட்காரச் சொல்லவில்லை. விஷயம் நல்லதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"நோடி மேடம்... உங்க புது சிஸ்டம் வந்ததுலேர்ந்து ஒரே கம்ப்ளெயின்ட். வெள்ளிக்கிழமை லைப்ரரி கமிட்டி மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள சரியாகலைன்னா பழசுக்கே போயிடலாம். பழைய கம்பெனிக்காரன் ரெடியா இருக்கான்."

டைரக்டர் மைசூர்க்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். எரிச்சலோ சந்தோஷமோ வந்தால் மட்டும் கன்னடம் முந்திக்கொள்ளும். 'நோடி' என்றால் 'பாருங்க'.

"திரும்பிப் போறதா? முடியாது சார்!" என்றேன். யோசிக்காமல் பட்டென்று வந்துவிட்டது. என் வாய் அப்படி.

நான் பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகர் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலை என்றுதான் என் மாமியார் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது பாதி நூலகம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மாணவி திரையில் ஒரு கட்டுரையின் தலைப்பைப் பார்க்கிறாள். பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். 'கட்டுரைக்கு இப்படிப் போ' என்று அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு லிங்க். இந்த வழிகாட்டும் வேலையைச் செய்கிற சாஃப்ட்வேருக்கு லிங்க் ரிசால்வர் என்று பெயர். அதைத்தான் மாற்றினோம்.

ஏன் மாற்றினோம்? கவிதாவால்.

கவிதா சேலத்துப் பெண். எங்களிடம் பிஎச்.டி. செய்கிறாள். ஒரு நாள் கையில் ஜெராக்ஸ் கட்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்தாள். ஒரே ஒரு கட்டுரைக்காக சிவாஜிநகர் போய், அங்கே பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் வேறொரு நூலகத்தில் காத்துக்கிடந்து எடுத்து வந்திருக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். பகீரென்றது. அந்தப் பத்திரிகைக்கு நாங்களே வருஷா வருஷம் சந்தா கட்டுகிறோம்!

பதிப்பகத்தார் இணைய முகவரியை எப்போதோ மாற்றிவிட்டார்கள். எங்கள் பழைய சிஸ்டமோ பழைய முகவரிக்கே ஆளை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டால் 'கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் வரும். கவனித்துக்கொண்டே இருந்தார்கள்... அவ்வளவுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இதைத் தூக்கி எறியாமல் விடுவதில்லை.

கோடை விடுமுறை முழுக்க நானும் என் உதவியாளர் ஸ்டெல்லாவும் உட்கார்ந்தோம். எந்தப் பத்திரிகை, எந்த வருஷத்திலிருந்து நமக்கு உண்டு, எந்த முகவரி, திறக்கிறதா இல்லையா — ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புது சிஸ்டத்தில் ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள் ஸ்டெல்லா. புதிய பெட்டியிலும் இரண்டு லிங்க்தான். மேலே இருப்பதை அமுக்கினால் கட்டுரை. கீழே இருப்பது, நம்மிடம் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கச் சொல்லி எங்களுக்குக் கோரிக்கை அனுப்ப.

கல்லூரி திறந்தது. 'எதுவுமே கிடைக்கவில்லை' என்று எல்லாப் பக்கமும் புகார். வேதியியல் பேராசிரியர் குரல்தான் உச்சம். ஸ்டெல்லாவின் மெயில் பெட்டி நிரம்பி வழிந்தது.

"மேடம், இதெல்லாம் நம்மகிட்டயே இருக்கு! நம்மகிட்ட இருக்கிறதை வெளியிலேர்ந்து வாங்கிக் குடுங்கன்னு நம்மகிட்டயே கேக்கறாங்க. எனக்குத் தலை சுத்துது."

நாங்கள் சோதித்துப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத் திறக்கிறது. என்ன மாயம்?

டைரக்டர் அறையிலிருந்து நேராகக் கம்ப்யூட்டர் ஹாலுக்குப் போனேன். மாணவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் யார்? சாட்சாத் கவிதாவேதான்.

பட்டனை அமுக்கினாள். பெட்டி திறந்தது. அவள் கண்கூட மேலே போகவில்லை. கை நேராக இரண்டாவது லிங்க்கில் போய் நின்றது. அமுக்கிவிட்டாள்.

"ஏம்மா, மேல இருக்கறதை ஏன் விட்டுட்ட?"

"அது வேலை செய்யாதுங்க மேடம்."

"யாரு சொன்னா?"

"சீனியர்ஸ் சொன்னாங்க. நாங்க எல்லாருமே ரெண்டாவதைத்தான் அமுக்குவோம்."

"இது புது சிஸ்டம்மா! ஒரு தடவையாச்சும் அமுக்கிப் பாத்தியா?"

"வேலை செய்யாததை எதுக்குங்க மேடம் அமுக்கணும்?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யாருக்காக இத்தனை பாடுபட்டேனோ, அந்தப் பெண்ணே!

பழைய சிஸ்டத்தில் மேல் லிங்க் பெரும்பாலும் செத்துக் கிடக்கும். இரண்டாவது பாதி நேரம் திறக்கும். எந்த மெஸ்ஸில் சாம்பார் தேவலை, எந்த கைடு கடித்துக் குதறுவார் என்பதோடு சேர்த்து இதையும் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள்... எப்போதும் பூட்டியே கிடந்த கவுண்டர் ஒரு நாள் திறந்திருந்தாலும், நாம் பக்கத்து வரிசையில்தானே போய் நிற்போம்?

விஷயத்தைக் கேட்டதும் ஸ்டெல்லா முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்ளோதானா மேடம்? கட்டுரையை ரெண்டாவது இடத்துல வெச்சிடலாம். ஒரே ஒரு செட்டிங். வெள்ளிக்கிழமை தப்பிச்சிடுவோம்."

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. மறைப்பானேன்? ஆனால் அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் வருகிற பிள்ளைக்கும் 'மேலே இருப்பது வேலை செய்யாது' என்றுதானே சொல்லித்தருவார்கள்? செத்துப்போன சிஸ்டத்தின் பயத்தைப் புதுசுக்கும் கட்டிவைக்கவா கோடை முழுக்க உட்கார்ந்தோம்?

"மாட்டேன் ஸ்டெல்லா. செருப்பு தேஞ்சாலும் பரவாயில்லை. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா போவோம், வா."

வியாழக்கிழமை முழுக்க அதுதான் வேலை. லேப் லேபாக ஏறி இறங்கினோம். 'மேலே இருப்பதை அமுக்குங்கள்' என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அமுக்கவைத்தோம். கவிதாவும் கூடவே வந்து, "அட, மேல அமுக்குங்கப்பா... திறக்குது!" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

மிச்சம் இருந்தவர் வேதியியல் பேராசிரியர். வெள்ளிக்கிழமை காலையில் அவர் அறையில் போய் நின்றோம்.

"நான் எத்தனை வருஷமா இந்த காலேஜ்ல இருக்கேன்? மேல இருக்கறது திறக்காதும்மா" என்றார்.

"ஒரே ஒரு தடவை அமுக்குங்க சார். திறக்கலைன்னா, பழசுக்கே போயிடலாம்னு இன்னிக்குக் கமிட்டியில நானே சொல்லிடறேன்."

பின்னாலிருந்து ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். பேராசிரியர் அமுக்கினார். நம் ஊர் நெட் வேகம் உங்களுக்குத் தெரியாதா? வெள்ளைத் திரை... வெள்ளைத் திரை... பிறகு மெல்ல ஒரு தலைப்பு. கீழே கட்டுரை.

"அட!" என்றார். இன்னொரு கட்டுரையைத் தேடினார். மேலே அமுக்கினார். அதுவும் திறந்தது. அதற்குள் எங்களை மறந்துவிட்டார். சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டோம்.

மத்தியானம் மீட்டிங். வேதியியல் பேராசிரியரும் கமிட்டியில் உண்டு. டைரக்டர் முதலில் அவரைத்தான் கேட்டார்: "சார், உங்க கம்ப்ளெயின்ட் என்னாச்சு?"

"இப்ப ஜோரா வேலை செய்யுது சார். இவங்க உட்கார்ந்து நல்லா ரிப்பேர் பண்ணிட்டாங்க போலிருக்கு."

டைரக்டர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஒள்ளேது, ஒள்ளேது! நல்லதாப் போச்சு. அப்ப புதுசே இருக்கட்டும். ரிப்பேர் பண்ணிட்டீங்களா மேடம்?"

குறிப்பெடுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். புது சிஸ்டத்தில் நாங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்லி, கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்வேனா?

"பண்ணிட்டோம் சார்" என்றேன்.

எதை ரிப்பேர் பண்ணினோம் என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்களும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.