ஹஸ்தபீர் போட்டுவிட்டுப் போன பூட்டு

எங்கள் ரோல்பா மலையில் பிள்ளைகள் போதும் என்று முடிவானால் கத்தி பெண்ணின் வயிற்றுக்குத்தான். குளிர்காலத்தில் முகாம் போடுவார்கள். பெண்டுகள் போய்ப் படுத்துத் தையல் போட்டுக்கொண்டு, இரண்டொரு நாளில் அடுப்பு மூட்ட உட்கார்ந்துவிடுவார்கள். கூட வந்த மகாராஜாக்கள் வெளியே நின்று பீடி குடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஹஸ்தபீர், "எனக்கே பண்ணட்டும், அவளுக்கு வேண்டாம்" என்று சொன்னால் யார்தான் வாயைப் பிளக்கமாட்டார்கள்?

அவன் மனைவி ஜுனிமாயா அவனுக்குத் தாய்மாமன் மகள். எங்கள் மகர் ஜனங்களுக்கு அதுதான் முறை. எனவே மாமியார் பூல்மதி அவளுக்குச் சொந்த அத்தை. இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தான். ஹஸ்தபீருக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருந்தது. அவன் போவதற்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று ஜுனிமாயாதான் பேச்சை எடுத்தாள். தனக்குத்தான் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

மகன் சொன்னதைக் கேட்டுப் பூல்மதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூட்டை தூக்கப் போறவன்டா நீ! இடுப்பு செத்துப்போனா யாருடா சோறு போடுவா? பொம்பளை இருக்கும்போது ஆம்பளைக்கு எதுக்குடா இது?"

ஊர் சுகாதார சேவகி தில்சரா சிரித்தாள். "இடுப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அத்தை? ஒரு ஊசி, ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். நடந்தே வீட்டுக்கு வந்துடுவான். பொம்பளைக்குன்னா வயித்தைத் திறக்கணும்."

"சொல்லுங்கக்கா நல்லா. எனக்கே பண்ணட்டும்" என்றான் ஹஸ்தபீர். ஜுனிமாயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஆசையா நம் மேல் என்று நினைத்தாள், பாவம். குழாயடியில் பெண்கள் பொருமினார்கள். "எனக்கு வாச்சது எருமை, உனக்கு வாச்சது தங்கம்டி ஜுனி."

முகாமில் அறுவை முடிந்ததும் டாக்டர் ஒரு பொட்டலம் ஆணுறை கொடுத்து இருவரிடமும் சொன்னார். உள்ளே விந்தணு மிச்சம் இருக்கும், மூன்று மாதம் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு பரிசோதனைக்கு வரவேண்டும், அதுவரை நம்பக்கூடாது. வழியிலேயே ஹஸ்தபீர் பொட்டலத்தைப் புதரில் எறிந்தான்.

"டாக்டர் மூணு மாசம்னாரே" என்றாள் ஜுனிமாயா.

"அறுத்தா அறுத்ததுதான். ஆட்டைக் காயடிச்சா மூணு மாசம் கழிச்சுப் பாக்கறமா? சும்மா வா."

விமானம் அந்த மாதக் கடைசியிலேயே அமைந்தது. புறப்படுவதற்கு முன் நண்பர்கள் குடிக்கக் கூடினார்கள். கேழ்வரகுச் சாராயக் குடத்தோடு முற்றத்துக்கு வந்த ஜுனிமாயா மூலையிலேயே நின்றுவிட்டாள். யாரோ அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

"பொண்டாட்டிக்கு விசிறி வீசற ஆளாயிட்டியேடா!"

"நீங்கதான்டா முட்டாளுங்க" என்றான் ஹஸ்தபீர். "அவளுக்குப் பண்ணிவிட்டுட்டு நான் கத்தார் போனா, அவ எங்க போனா, யாரோட போனா, எனக்கு எப்படித் தெரியும்? வயித்துல எதுவும் நிக்காதில்ல. எனக்குப் பண்ணிக்கிட்டா அவ வயிறே காட்டிக்கொடுத்துடும். பூட்டிட்டுப் போறேன்டா."

எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜுனிமாயா குடத்தை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் கிளம்பும்வரை அவனோடு படுத்தாள். மறுத்திருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்திருப்பான்.

பால் கொடுப்பவள் என்பதால் மாதவிலக்கு இன்னும் திரும்பியிருக்கவில்லை. அதனால் நாள் தள்ளிப்போனது தெரியவே இல்லை. சோளக்கொல்லையில் களை கொத்தும்போது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். முன்பே மூன்று பெற்றவளுக்கு அது என்னவென்று தெரியாதா?

"கலைக்கற காலமும் தாண்டிடுச்சேடி" என்றாள் தில்சரா, வயிற்றைத் தொட்டுப் பார்த்து.

"எதுக்குக்கா கலைக்கணும்? அவர் பிள்ளைதானே?"

தில்சராவே கத்தாருக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். சில நாள் கழித்து ஹஸ்தபீர் ஜுனிமாயாவைக் கூப்பிட்டான்.

"இங்க டெஸ்ட் எடுத்துட்டேன். ஒண்ணுமே இல்லைங்கறாங்க. இப்ப சொல்லு, யாரு?"

"இப்ப இருக்காதுங்க. அப்ப இருந்துச்சு. டாக்டர் சொன்னாரே, நீங்கதானே அந்தப் பொட்டலத்தை…"

அவன் வைத்துவிட்டான்.

அத்தை மட்டும் அவள் பக்கம் நின்றாள். "என் அண்ணன் பொண்ணு. என் பாயிலதான் படுக்கறா. எனக்குத் தெரியாதா? பிறக்கட்டும்டி. இந்த வீட்டு விரல் சாட்சி சொல்லும்."

அந்த வீட்டு ஆண்களுக்கெல்லாம் இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடக்கும். பூல்மதியின் செத்துப்போன புருஷனுக்கு, ஹஸ்தபீருக்கு, பால் குடிக்கும் பையனுக்கு, எல்லோருக்கும் அப்படித்தான். ஜுனிமாயா அந்த விரலைத்தான் வேண்டிக்கொண்டாள். பிள்ளை கறுப்பா, சிவப்பா, ஆணா, பெண்ணா என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

ஐப்பசியில் பையன் பிறந்தான். தொப்புள் கொடியை அறுப்பதற்கு முன்பே அத்தை காலைப் பிடித்துப் பார்த்தாள். விரல் ஏறியிருந்தது. கிழவி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. ஹஸ்தபீரின் தம்பி ஜித்மான் ஓடிவந்து செல்போனில் அந்தக் காலைப் படம் பிடித்தான். அண்ணன் போன நாளிலிருந்து ஏர் ஓட்டியதும் விறகு சுமந்ததும் அவன்தான்.

"அண்ணனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு அண்ணி! பாத்தா அழுதுடுவான்" என்று சொல்லிக்கொண்டே அண்ணனுக்கு அனுப்பினான். ஜுனிமாயா ஓமக் கஞ்சியைக் குடித்தபடி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

மாலையில் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஜித்மான் சத்தமாக வைத்தான்.

"விரலைப் பார்த்தேன்" என்றது ஹஸ்தபீரின் குரல். "எங்க அப்பன் விரல்தான். நான் இங்க இருக்கேன். அதே விரல் வேற யாருக்குடா இருக்கு, ஜித்மான்?"

ஜித்மான் தன் இடது காலைப் பார்த்தான். கையிலிருந்த குழந்தையை அண்ணியின் பக்கத்தில் மெதுவாகக் கிடத்தினான்.

"அண்ணா, அம்மா மேல சத்தியமா…" என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பூல்மதி மருமகளையும் இளைய மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அது ஒரே ஒரு நொடிதான். ஜுனிமாயா அந்தப் பார்வையைக் கண்டுகொண்டாள். ஊர் பேசியதைப் பொறுத்தவள், புருஷன் கேட்டதைப் பொறுத்தவள், அதைத் தாங்கமுடியாமல் உடைந்து அழுதாள்.

விடியும்போது ஜித்மான் இல்லை. அவமானம் பொறுக்காமல் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? குற்றமில்லாதவன் எதுக்குடி ஓடறான் என்று குழாயடியில் கேட்டார்கள். தங்கம் என்று சொன்ன அதே வாய்கள்தான்.

தில்சரா வந்து பிள்ளையை எடைபோட்டாள். காலைப் பார்க்கத் துணியை விலக்கினாள்.

"விலக்காதீங்கக்கா" என்று ஜுனிமாயா இழுத்து மூடினாள்.

இப்போது அவன் நடக்கிறான். சித்திரை வெயிலில் மற்றப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும்போது, இவனுக்கு மட்டும் இரண்டு காலிலும் கம்பளிக் காலுறை. கழற்றினால் அம்மா அடிக்கிறாள்.