சீனி தனியாக

ஹட்டன் டவுனில் மகன் வீட்டு மேல்மாடியில் இருக்கிறேன். முழங்கால் போய்விட்டது, படி இறங்க முடியாது. ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்ட் தெரியும். அதோடு சரி.

பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, மருமகள் என் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "மாமி, யாராச்சும் கேட்டா டவுன்ல கடை வச்சிருந்தோம்னு சொல்லுங்க. லயம், கொழுந்துன்னு வாயத் தொறந்துறாதீங்க."

நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி வந்தது, சீனி தனியாகக் கிண்ணத்தில். கை சும்மா இருக்குமா? சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தேன். தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் அப்படித்தான் குடிப்போம்.

மாப்பிள்ளையின் அம்மா என் கையையே பார்த்தார். "அம்மா எந்தத் தோட்டங்க?"

"தோட்டமெல்லாம் இல்லீங்க, டவுன்ல கடை" என்று மருமகள் முந்திக்கொண்டாள். மகன் தரையைப் பார்த்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நோட்டன் பிரிட்ஜ் பக்கங்க. கொழுந்து பறிச்சுத்தான் இவனப் படிக்க வச்சேன். என் கூடையில ஒரு முத்தல் எல கெடந்துச்சுன்னு எந்தக் கங்காணியும் சொன்னதில்ல" என்றேன்.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. என்னால்தான் என்கிறாள் மருமகள். இருக்கலாம்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு ஆள் வந்தால் என் அறைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தேத்தண்ணி மட்டும் உள்ளே வருகிறது, சீனியைக் கலக்கியே. நான் தொடாமல் திருப்பி அனுப்புகிறேன். சீனி தனியாக வரும்வரை, தொண்டை காய்ந்தாலும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.