தடி பங்களாவின் கலப்பத்துக்காரர்

மழை விட்டதும் சுவக்கீன் பங்களாச் சுவரை முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார். தரையை ஒட்டிய தடியில் தொடங்கி, முழத்துக்கு ஒரு தடவை மூக்கை வைத்து இழுத்து, நின்று யோசித்து, அடுத்த முழத்துக்கு நகர்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். தோட்டத்து ஆபீசில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும் முதல் வருஷம் வந்தது. “நல்ல மரத்துக்கு வாடையே கிடையாது ஐயா. நனைஞ்சா நாய் வாடை. இத்துப்போச்சுன்னா காளான் வாடை. மூக்கு பொய் சொல்லாது பாத்துக்கிடுங்க” என்பார்.

மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரை குடியிருக்கும் வீட்டுக்குத் தடி பங்களா என்று பெயர். எந்தக் காலத்துத் துரையோ தம் குளிர்தேசத்து வழக்கப்படி முழு மரங்களைப் பட்டை உரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார். கோடையில் மரம் சுருங்கித் தடிகளுக்கு நடுவே விரல் நுழையும், மழையில் ஊதிக்கொள்ளும். இதோடு மல்லுக்கட்ட முடியாமல் மூன்று ஆசாரிகள் மலையை விட்டு இறங்கிப்போனார்கள். நான்காவதாக அகப்பட்டவர் சுவக்கீன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். அதாவது, பலகை இடுக்குகளில் தேங்காய்த் தும்பைத் திணித்துத் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. பிழைப்புக்காக மலையேறித் தேயிலைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த ஆள், இந்த வீட்டைப் பார்த்ததும், “இது கவுந்த தோணியில்லா!” என்றாராம்.

அன்றிலிருந்து அவருக்கு அது தோணிதான். துரை படுக்கிற முன்னறைதான் தோணியின் முன்பக்கமான அணியம், சமையல்கட்டு பின்தலை. “அணியத்துல ஒழுகுது” என்று இவர் சொன்னதைக் கேட்டு, புதிதாக வந்த பட்லர் அணியம் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தான்.

மாசி வெயிலில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தும்பின்மேல் பூசுவார். தடிகளுக்கு மீன் எண்ணெய். அந்த வாரம் முழுவதும் தொழிலாளர் லயத்துப் பூனைகளெல்லாம் பங்களாவைச் சுற்றியே குடித்தனம் நடத்தும். துரைசாணி மூக்கைப் பொத்தினால், “நமக்கு நாறுதுன்னா பூச்சிக்கும் நாறும்லா” என்று முணுமுணுப்பார். வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம் இருந்தாலும் தூரிகையைத் தொடமாட்டார். முன்பிருந்த துரைசாணியின் ரோஜாத் தொட்டிகளைத் தினமும் காலையில் சுவரைவிட்டுத் தள்ளி வைப்பார், ஈரம் ஏறும் என்று. சாயங்காலம் அவை பழைய இடத்துக்கே வந்துவிடும். நாலு வருஷம் இந்தச் சண்டை நடந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இத்தனை தெரிந்த மனிதர்தான் அந்தத் தப்பையும் செய்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் துரைசாணி, படுக்கையறைக்குள் ஊசிக்காற்று வருகிறது என்று பட்லரிடம் சொல்லி அனுப்பினாள். வெளியே மட்டும் அடைத்திருந்த சுவரை உள்பக்கமும் அடைத்துப் பூசிவிடலாம் என்று இவராகவே முடிவு கட்டினார். வேலை அழகாக வந்துவிட்டது. அந்தப் பெருமையில் மற்ற அறைகளுக்கும் பூசினார். தோணிக்கு உள்பக்கம் காற்றாடக் கிடக்கும். இங்கே இரண்டு பக்கமும் அடைபட்டதில், எப்படியோ புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்த வைகாசியில் அணியத்துக் கீழ்த்தடியில் மூக்கை வைத்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது உளியால் தடியை அழுத்திக் காட்டினார். பிடி வரைக்கும் இறங்கியது. அந்தச் சுவர் முழுவதும் அந்த ஒரு தடியின்மேல்தான் நிற்கிறது. சுவரை ஒட்டி உள்ளே, சித்திரையில் வந்த புதுத் துரையின் கைக்குழந்தைக்குத் தொட்டில் போட்டிருக்கிறார்கள். பெருமழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

தடியை மாற்றத் துரையின் உத்தரவு வேண்டும். ஏன் கெட்டது என்று அவர் கேட்காமல் இருக்கமாட்டார். உண்மையைச் சொன்னால் இவருக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கொழுந்து கிள்ளும் அவர் மனைவி செபமாலையம்மாளின் பெயரையும் புருஷன் பெயரோடு சேர்த்தே தோட்டத்துப் பதிவிலிருந்து அடித்துவிடுவார்கள். “கரையான் என்று சொல்லிவிடுவோம். புது ஆள்தானே, நம்பிவிடுவார்” என்றேன்.

“கரையான்னா உள்ளயும் வெளியயும் தார் அடிங்கம்பாவ. இன்னும் மூச்சு முட்டிப்போவும். மத்த சுவரையும் நான் இப்படித்தானே பூசித் தொலைச்சிருக்கேன்? அம்புட்டையும் சுரண்டி எடுத்தாத்தான் பங்களா நிக்கும் ஐயா.”

“வீட்டில் சொன்னீரா?”

“சொன்னேன். சட்டிபானையைக் கழுவிக் கவுத்து வச்சிட்டா, சாக்குல கட்டுறதுக்கு.”

முந்தாநாள் காலையில் துரை வந்து குனிந்து தடியைப் பார்த்தார். குழந்தையைப் பின்னறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, “கரையான்?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், மறைப்பானேன்! அதற்குள் சுவக்கீன் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். இல்லை என்று தலையாட்டினார். தும்பு, குங்கிலியம், உள்ளே தங்கிய ஈரம் என்று அவர் விளக்கியது ஒன்றும் துரைக்கு ஏறவில்லை. நான் மொழிபெயர்ப்பேன் என்று துரை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சுவக்கீன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். இற்ற தடியை ஒருமுறை தொட்டுக் காட்டினார். பிறகு வலது கையை மடக்கி, மாதாகோயில் பூசையில் ‘என் பாவமே’ என்று பாவ அறிக்கை சொல்லும்போது செய்வதுபோல, தம் நெஞ்சில் மூன்று முறை ஓங்கி அடித்துக்கொண்டார்.