பல் டாக்டரின் பந்தயக் கார்கள்

ஈறு நிறத்தில் ஒரு காரை நான் முதன்முதலில் பார்த்தது பல் செட்டு வேகவைக்கும் அலுமினியப் பாத்திரத்தில். தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் ஒரு பல் டாக்டரிடம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டாக்டர் முன்னறையில் பல்லைப் பிடுங்குவார். பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செட்டுச் செய்வது என் வேலை. மெழுகில் செட்டை வடித்து, அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் புதைத்து, மெழுகை வெந்நீரில் உருக்கி ஓட்டிவிட்டு, அந்தக் குழியில் ஈறு நிற அக்ரிலிக் மாவை அடைத்து வேகவைக்க வேண்டும். ஆறியதும் அச்சை உடைத்தால் செட்டு வெளியே வரும். அன்று உடைத்தேன். பல்லும் இல்லை, அண்ணமும் இல்லை. இளஞ்சிவப்பில் ஒரு காரின் முன்பாதி இருந்தது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேடிப்பிடித்த வேலை. யாருடைய வாயையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். டாக்டர் எட்டிப் பார்த்தார். பேரன் பிறந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "பரவால்லியே கண்ணு, ஒரு குமிழுகூட இல்லாம வந்திருக்குது. பின்பாதிய நாளைக்கு வேக வெச்சரலாம்," என்றார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு ஒரு முறுக்கால் பிடித்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு பெரியவர் இங்கே நூற்பு இயந்திரம் வாங்க வருவார். ஒருமுறை மில் விருந்தினர் விடுதியில் முறுக்கைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி டாக்டரிடம் வந்து சேர்ந்தார். டாக்டர் வலிக்காமல் பல்லைக் கட்டிக் கொடுத்தார். கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன கோயம்புத்தூரில் பிறந்தவர் என்பதால் டாக்டருக்கும் பந்தய ஆசை ரத்தத்திலேயே உண்டு. சுவரில் ஒரு ரேஸ் காரின் படம் மாட்டியிருந்தார். அதைப் பார்த்த பெரியவர் அடுத்த முறை வரும்போது தங்கள் ஊர்ப் பழைய பந்தயப் பத்திரிகைகளை ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மொழி ஒரு எழுத்தும் புரியாது. படங்கள் போதுமாக இருந்தன. சந்தைக்குப் போய்வருகிற சாதாரண இரண்டு கதவுக் கார்கள் அவை. ஊர் ஊருக்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் அவற்றின் மட்கார்டை அறுத்தெறிந்து, டேங்கைப் பெரிதாக்கி, உள்ளே இரும்புக் குழாய் கொடுத்து, சேற்றிலும் மலையிலும் நாள்கணக்காக விரட்டியிருக்கிறார்கள். "இது நம்மூரு லேத்துப் பட்டறைக்காரங்க பண்ற வேலையாட்டவே இருக்குது பாரு கண்ணு. இருக்கறத வெச்சு ஓட்டறது," என்பார் டாக்டர். பளபளவென்ற ஐரோப்பியக் கார்களின் மேல் அவருக்கு இருந்த பிரியமெல்லாம் அன்றோடு போயிற்று.

அந்தக் கார்களின் மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காது. பெரியவர் எப்போதாவது கொண்டுவரும் தகர வண்டிகளைச் சேர்த்து வைத்தார். மற்றதை அவரே செய்தார். செய்வது என்றால் எல்லாம் என் அறைச் சாமானில்தான். பாதி பாதியாக வேகவைத்து, உடைந்த பல் செட்டை ஒட்டுகிற மாதிரி நடுவில் ஒட்டுவார். பல்லுக்குக் கட்டும் கம்பி ஸ்டியரிங் ஆகும். பல் நிற அக்ரிலிக் ஹெட்லைட் ஆகும். டயருக்கு மட்டும் மோட்டார் பம்பில் போடும் ரப்பர் வளையம். அளவு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஏன் அந்தக் கணக்கு என்று கேட்டதற்கு, வாயில் எத்தனை பல்லோ அத்தனை என்று கண்ணடித்தார். மாதக் கடைசியில் அக்ரிலிக் பவுடர் தீர்ந்துபோய் நான் கத்துவேன். அவர் காதில் விழாத பாவனையில் நோயாளியின் வாய்க்குள் பார்ப்பார். ஒருமுறை, செட்டு வாங்க வந்த விவசாயி ஒருவர் மேசைமேல் கிடந்த கார்க்கூட்டைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டர், இதைய வாய்க்குள்ள எப்படிங்க நுழைக்கறது?" என்று கவலையாகக் கேட்டார். அன்று முழுக்க நான் அச்சுப் பிடித்த செட்டெல்லாம் கோணலாகத்தான் வந்தது. சிரிப்பில் கை நிற்கவில்லை.

டாக்டரின் மனைவியை நான் அக்கா என்பேன். அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவோடு பிறந்தவர். முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், ஊசிக்குப் பயந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பேசியே நாற்காலியில் உட்காரவைப்பதும் அக்காதான். கிளினிக்கின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற கார்களை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட மாட்டார். 'பொம்மை' என்பார். அந்த ஒரு சொல்தான் டாக்டருக்குச் சுருக்கென்று தைக்கும். வேறு எதற்கும் கோபப்படாத மனிதர், "வண்டி சின்னதா இருந்தா வண்டியில்லேன்னு ஆயிருமா அம்மணி?" என்று மல்லுக்கு நிற்பார். அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

இந்த வழக்கு வருடந்தோறும் விசாரணைக்கு வருவது ஆயுதபூஜை அன்று. எங்கள் ஊரில் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் படாத இரும்பு கிடையாது. கிளினிக்கைக் கழுவிவிட்டு, பல் பிடுங்கும் நாற்காலி, டிரில், இடுக்கிகள், என் அச்சுகள், டாக்டரின் ஸ்கூட்டர், டெலிபோன் வரைக்கும் அக்கா பொட்டு வைப்பார். கண்ணாடி அலமாரிப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்திலேயே நிற்பார். "அம்மணி, இங்கயும் கொஞ்சம் வண்டி நிக்குது," என்பார் சாதுவாக. "அதுல ஏறி அவிநாசி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்கோ. வந்தீங்கன்னா வெக்கிறேன்," என்பார் அக்கா. நான் பொரி தின்றுகொண்டே வேடிக்கை பார்ப்பேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பூஜை முடிந்து அவர் தனியாக அலமாரியைத் துடைத்துப் பூட்டுவதைப் பார்க்கும்போது பாவமாகவும் இருக்கும்.

ஒரு வருடம் அர்ஜென்டினாப் பெரியவர் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தோடு வந்தார். மலைப்பாதையில் ஒரு கார். ஓட்டியது அவருடைய அண்ணன். கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு எண்பது தாண்டி, நடமாட்டம் ஒடுங்கி, பேச்சும் குறைந்துவிட்டது. இதைச் செய்து தர முடியுமா, அடுத்த முறை வந்து வாங்கிப்போய் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் கேட்டார். அடுத்த முறைதான் தன் கடைசிப் பயணம் என்றும் சொன்னார். கார் வெள்ளை நிறம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. டாக்டர் அந்த வருடம் வேறு காரே தொடவில்லை. மூன்று கூடுகளை வேகவைத்து உடைத்துப் போட்டார். நான்காவதுதான் அவர் கண்ணுக்குப் பொருந்தியது. வெள்ளைப் பெயிண்டை மயிரிழைத் தூரிகையில் பூசி, பளபளப்பு வரக் கூடாதென்று மேலே வார்னிஷ் அடிக்காமல் விட்டார். ரோட்டில் ஓடிய கார் கல்யாணப் பாத்திரமா என்று கேட்டார்.

பெரியவர் வந்து வாங்கிப்போக வேண்டிய நாள் ஆயுதபூஜையாக வாய்த்தது. சாயங்காலம் அவருக்கு ரயில். காரைப் பத்திரமாக வைக்க மரப்பெட்டி வாங்கிவர டாக்டர் காலையிலேயே டவுன்ஹால் பக்கம் போய்விட்டார். நான் வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, பின்னறையைத் துடைத்துவிட்டு முன்னே வந்தால், அலமாரி காலியாக இருந்தது. கார்கள் எல்லாம் வாழையிலையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வரிசைக்கு முன்னால் தனி இலையில், தும்பைப் பூ சூட்டி, அந்த வெள்ளைக் கார். அதற்கும் பொட்டு. அக்கா கற்பூரம் காட்டி முடித்து மணியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஒண்ணு சீமைக்குப் போகுதல்ல கண்ணு, வெறும் நெத்தியோட எப்படி அனுப்பறது?" என்றார். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். இத்தனை வருடம் கேட்டு நின்றது கிடைத்திருக்கிறது. அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. வெள்ளைக் காரை மட்டும் பார்த்தார். "ஐயோ அம்மணி, என்ன செஞ்சுபோட்டே!" என்று பாய்ந்து, ஈரப் பஞ்சால் துடைத்தார். வார்னிஷ் இல்லாத பெயிண்ட் குங்குமத்தை ஆசையாகக் குடித்து வைத்திருந்தது. துடைக்கத் துடைக்கப் பானெட் முழுக்க இளஞ்சிவப்பாகப் பரவியது. ஈறு நிறம். ஒரு வருட வேலை மறுபடி பல் செட்டாகிவிட்டது. பாலிஷ் சக்கரம் போட்டுச் சுரண்டினால் கறை மேல்பூச்சோடு போய்விடும் என்று டிரில்லை எடுக்கக் கை நீட்டினார். "அதையத் தொடாதீங்கோ. பூசையில வெச்ச சாமான நாளைக்கு மறுபூசை ஆகாம எடுக்கக் கூடாது," என்றார் அக்கா. டாக்டர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேருக்காகவும் அழுகை வந்தது.

தரையில் உட்கார்ந்ததால்தான் அவர் அதைப் பார்த்தார். காரின் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு கடுகு. எதிரே ஒரு சுண்டைக்காய், மேலே துளிக் குங்குமம்.

"இது என்னங்க அம்மணி?" என்றார்.

"கடுகு, எலுமிச்சம்பழம். சுண்டைக்காய், பூசணிக்காய்," என்றார் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீங்கதானுங்களே சொல்லுவீங்க, எதையா இருந்தாலும் முப்பத்திரண்டால வகுக்கோணும்னு."

டாக்டர் ஒரு நிமிடம் கணக்குப் போட்டார். கணக்குச் சரியாக இருந்தது. ஈரப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு மனைவியை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் பிள்ளைகளின் கல்யாணங்களில்கூடப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் பெரியவர் வந்துவிட்டார். டாக்டர் எழுந்து, கறையைக் காட்டி, திக்கித் திணறி இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தார். அந்தக் கார் வெள்ளையாக இருந்தது புறப்பட்ட அன்று காலையில் மட்டும்தான், ஊர் வந்து சேரும்போது செம்மண் அப்பிச் சிவந்து கிடக்கும், அண்ணனுக்கு இப்படி இருந்தால்தான் அடையாளம் தெரியும் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அக்கா நகரவில்லை. பூஜையில் வைத்ததை நாளைக்குத்தானே எடுக்க வேண்டும்? ரயிலோ இன்றைக்கு. அக்காவுக்குச் சாமி விஷயத்தில் விளையாட்டுக் கிடையாது. பெரியவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர்தான் இறங்கி வந்தார். "நீ சொன்னதே சரி அம்மணி. இது பொம்மைதான். பொம்மைக்கு ஏது மறுபூசை? எடுத்துக் குடுத்தரலாம்," என்றார். எத்தனையோ வருடமாக விட்டுக்கொடுக்காத ஒன்றை, நேரில் பார்த்தே இராத அந்த அண்ணன் கிழவருக்காக விட்டுக்கொடுத்தார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

"பொம்மைக்கு யாராச்சும் பூசணிக்காய் சுத்துவாங்களாக்கும்?" என்று அக்கா அதட்டினார். "ஆயுதந்தானுங்க நாளைக்கு எடுக்கறது. இது வண்டி. வண்டின்னா பூசை முடிஞ்சு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, ஒரு நடை போய்ட்டு வரத்தான் வேணும். அவரைய எடுக்கச் சொல்லுங்கோ."

டாக்டர் மொழிபெயர்த்துச் சொல்ல, பெரியவர் விரல் நுனியால் காரைத் தள்ளினார். நான்கு கடுகும் நச்சென்று நசுங்கின. அக்கா சுண்டைக்காயைத் தானே கட்டைவிரலால் உடைத்தார். டாக்டர் கைதட்டினார், நானும் தட்டினேன்.

பொங்கலுக்குள் மில்லிலிருந்து சேதி வந்தது. அண்ணன் கையில் கொடுத்ததும் முதலில் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாராம். பிறகு யாரையும் தொட விடவில்லையாம். இன்று நான் சரவணம்பட்டியில் ஒரு பெரிய லேபில் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் இயந்திரமே பல்லைக் கடைந்து தருகிறது. வேகவைக்கிற வேலை மிகவும் குறைந்துவிட்டது. டாக்டர் நோயாளி பார்ப்பதை நிறுத்திவிட்டார், கார் செய்வதை நிறுத்தவில்லை. ஆயுதபூஜைக்கு நான் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். கார்கள் பொட்டோடு நிற்கும். இப்போதெல்லாம் வார்னிஷ் அடித்துவிடுகிறார்.

அன்று சாயங்காலம் பெரியவரை ரயிலேற்ற டாக்டர் போனபிறகு, இலைகளைச் சுருட்டும்போது அக்காவிடம் ஒன்று கேட்டேன். காய்ந்த கடுகு அம்மிக்கல்லுக்கே நழுவி ஓடும். கையளவு அக்ரிலிக் கார் தள்ளியதும் எப்படி நசுங்கியது?

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நேத்தே ஊற வெச்சுட்டேன் கண்ணு," என்றார். "அவரோட வண்டியெல்லாம் எடை இல்லாத வண்டியாச்சே."